ஜெலுத்தோங்கில் ஒரு படகோட்டி

பினாங்குக்குப் போகிறேன் என்றதும் கொக்குவிலில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆரிட்டை?" ஐம்பது தாண்டி, தனியே இருக்கிற ஒரு நாடக ஆசிரியை வெளிநாடு போனால் அங்கே ஒரு பிள்ளை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு கலியாண வீடாவது இருக்கவேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. "ஒரு நாடகத்தின்ரை கடைசிக் காட்சியை எடுத்துக்கொண்டு வரப்போறன்" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

பகிடி இல்லை. யுத்த காலத்தில் எங்கள் குழு எதையும் எழுதி வைத்ததில்லை. காகிதம் என்றாலே வில்லங்கம். எந்தப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் அகப்பட்டாலும் வில்லங்கம். ஆகவே அவரவர் பகுதியை அவரவர் தலைக்குள் வைத்திருந்தோம். இப்போது யாழ்ப்பாணத்தில் மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் குறைவில்லை. அந்தப் பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்ற வேண்டும் என்று எங்கள் இயக்குநர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், வெளிக்கிட்டார். பாரிசில் இருந்து ஒரு பகுதி, ரொறன்ரோவில் இருந்து ஒரு பகுதி என்று ஃபோனில் கேட்டுக் கேட்டு எழுதினோம். முடிவு மட்டும் அகப்படவில்லை.

முடிவு யோகனிடம் இருந்தது. நாடகத்தில் அவன்தான் படகோட்டி. கடைசியில் அவன் தனியே முன்னால் நின்று நெடுநேரம் பேசுவான். அந்த நேரத்தில் மற்ற எல்லோரும் பின்னால் சேலைகளை மடித்து, சட்டி பானைகளைக் கட்டி, சைக்கிள்களில் ஏற்றிக்கொண்டிருப்போம். அவன் முடித்ததும் விளக்கு அணையும்; சனம் கைதட்டி முடிக்க முதலே ஒழுங்கையால் போய்விடுவோம். நின்று கதைத்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஒத்திகையிலும் அதே கதைதான். விரைவாகக் கட்டுவதும் பழகவேண்டிய விஷயம். இப்படி ஊர் ஊராகச் சனம் கேட்ட முடிவை நாங்கள் ஒருவரும் ஒழுங்காகக் கேட்டதில்லை.

யோகன் நாட்டைவிட்டுப் போய்க் கனகாலம். பினாங்கில் அகதி அட்டையோடு இருக்கிறான், ஊருக்குத் திரும்ப ஏலாது என்ற அளவில் தெரியும். ஃபோனில் முடிவைக் கேட்டால், "சொல்லுவமக்கா, சொல்லுவம்" என்பான். பிறகு ஃபோன் எடுப்பதையே விட்டுவிட்டான். மாஸ்டருக்குக் கால் ஏலாது. மற்றவர்களுக்குக் குடும்பம். எஞ்சியது நான்.

வந்திறங்கியதுமே பிழையான பேருந்தில் ஏறினேன். ஜோர்ஜ் டவுனுக்குப் போகவேண்டிய ஆள், எதிர்ப்பக்கம் நின்ற வண்டியில் ஏறி, பாலிக் புலாவுக்குப் போனேன். தீவு என்றால் தட்டையாக இருக்கவேண்டும் என்று நம்புகிற சனம் நாங்கள். பேருந்து வளைந்து வளைந்து மலை ஏற ஏற எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைசித் தரிப்பில் சாரதி என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். பின் இருக்கையில் இருந்த தமிழ்ப் பையன் மொழிபெயர்த்தான்: "ஆன்ட்டி, நீங்க ஏறும்போதே 'பாலிக் புலாவ் தானே'ன்னு கேட்டாராம். நீங்க நல்லா தலையாட்டினீங்களாம்."

எங்கள் ஊரில் விளங்காத கேள்விக்கும் மரியாதைக்காகத் தலையாட்டுவோம். அதை அந்தச் சாரதிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? திரும்பிப் போகும்போது ஏற்றிக்கொள்கிறேன், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று கையால் காட்டினார். அங்கே ஒரு கடையில் லக்சா என்று ஒன்று தந்தார்கள். மீனும் புளியும் உறைப்பும் கலந்த குழம்புக்குள் தடித்த நூடில்ஸ். ஒரு வாய் வைத்ததும், பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சும் எங்கள் ஒடியல் கூழ் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் "இந்தா, இதைக் குடிச்சுப் பார்" என்று கோப்பையைத் தள்ளியிருப்பேன். முன்னால் இருந்த நாற்காலியில் என் பைதான் இருந்தது.

இரவு தங்கியது லிட்டில் இந்தியாவில், யன்னல் இல்லாத ஒரு அறையில். கீழே கடைகளில் தமிழ்ப் பாட்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தது. பூக்கடையில் தமிழ், நகைக்கடையில் தமிழ், ரொட்டி போடுகிறவரும் தமிழ். இவ்வளவு தமிழுக்கு நடுவில் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை என்பது கொஞ்சம் அநியாயமாக இருந்தது. கொக்குவில் வீட்டிலும் தனியேதான் சாப்பிடுகிறேன். ஆனால் அங்கே அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை ஜெலுத்தோங். என்னிடம் இருந்த முகவரி "சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி" என்பது மட்டும். அங்கே போய்ப் பார்த்தால் எல்லா அடுக்குமாடியும் சந்தைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் திருத்தும் கடைகள், கோழி வெட்டும் சத்தம், ஈரத் தரை. ஒரு காப்பிக்கடையின் ஓரத்தில் சோத்துக்கடை போட்டிருந்த பெண்மணி, நான் வாய் திறக்க முதலே கேட்டார்: "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்கு அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. பெயர் புஷ்பா. என்னைவிடக் கொஞ்சம் இளையவர். குரல் மட்டும் சந்தை முழுவதும் கேட்கும். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவது இந்த ஊர்ப் பழக்கம். யோகன் என்று ஒருவரைத் தெரியுமா என்றேன்.

"யோகனா? அப்படி யாரும் இல்லியே லா."

பழைய படம் ஒன்றைக் காட்டினேன். சாறனைத் தூக்கிக் கட்டி, துடுப்புக்குப் பதில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு யோகன் நிற்கிறான்.

"அட, இது நம்ம குமாரு! என்னா இது, தொடப்பத்த புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

இங்கே அவன் வேறு பெயரில் இருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. "நாடகம். அவன் எங்கட நல்ல நடிகன்."

"யாரு, குமாரா? வாயே தொறக்கமாட்டாரு லா! எத்தன வருசமா இங்க மீன் கழுவுறாரு, 'சரிக்கா, ஆச்சுக்கா', அவ்வளவுதான் பேச்சு. தைப்பூசத்துக்கு ஒரு பாட்டு பாடுங்கன்னு கேட்டதுக்கு ஆளு ஓடிட்டாரு." உள்ளே திரும்பிக் கத்தினார்: "குமாரு! உங்கள பாக்க ஆளு வந்திருக்கு!"

முழங்கை வரை மீன் செதில் ஒட்டியிருக்க வந்து நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தான். ஏன் மறைத்தான் என்று அவனுக்கே தெரிந்திராது.

"தவமக்கா" என்றான். பிறகு, "மெலிஞ்சு போனியள்" என்றான்.

"ஃபோன் எடுக்க ஏலாதோ உனக்கு? கை முறிஞ்சு போச்சோ? நாங்கள் என்ன உன்னட்டைக் காணி உறுதியோ கேட்டனாங்கள்?"

"ஐயோ, அக்கா நல்லா ஏசுறாங்க லா" என்று புஷ்பா சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு இலையில் சோறு போட்டு, யோகனையும் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. "நாளைக்கு ஓய்வு. ஃபெரியில போய்க் கதைப்பம்" என்றுவிட்டு மீனுக்குத் திரும்பினான்.

அடுத்த நாள் படகுத்துறையில் எனக்கு முன்னமே நின்றான். வெளுத்த சட்டை, வாரிய தலை. வேலை இல்லாத நாளில் ஃபெரியில் ஏறி, எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவானாம். "ஆரும் எங்கை போறாய் எண்டு கேக்கமாட்டினம். ஏறலாம், இறங்கலாம்" என்றான். காற்று நன்றாக இருந்தது. பக்கத்தில் இரண்டு சீனக் கிழவர்கள் உரக்கச் சண்டை பிடித்தார்கள். என்ன சண்டை என்று கேட்டேன். அவனுக்குக் கொஞ்சம் பாஷை பிடிபட்டிருந்தது. "எந்தக் கடை மீ, அதுதான் நூடில்ஸ், நல்லது எண்டு. கண்ட நேரமெல்லாம் இதே சண்டைதான்" என்றான்.

நான் சுற்றிவளைக்கவில்லை. "யோகன், முடிவைச் சொல்லு. எழுதிக்கொண்டு போறன்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "ரமணன் பாரிசில இருந்து தன்ரை பகுதியைச் சொன்னவன்தானே?"

"ஓம். முழுக்கச் சொன்னவன்."

"அதுக்குப் பிறகு அவனோடை கதைச்சனீங்களோ?"

கதைக்கவில்லை. எழுதி எடுத்த பிறகு ரமணனின் நம்பர் எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

"பாத்தியளே" என்றான் யோகன். "இப்ப நீங்கள் பிளேன் ஏறி என்னட்டை வந்திருக்கிறியள். மாஸ்டர் விடாமல் ஃபோன் அடிக்கிறார். நான் சொல்லிப்போட்டன் எண்டா பிறகு ஆர் எடுக்கப்போகினம்? அங்கை ஒரு வடிவான பெடியன் நிண்டு என்ரை பகுதியைப் பேசுவான். நல்லாத்தான் பேசுவான். நான் இஞ்சை மீன் கழுவிக்கொண்டிருப்பன். என்னட்டை இது ஒண்டுதான் அக்கா மிச்சம்."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "இது உன்ரை அப்பன் வீட்டுச் சொத்தோ? அதிலை எங்களோடை நடிச்சதுகள் ரெண்டுபேர் செத்துப்போச்சுதுகள். அதுகளுக்காகவும் தரமாட்டியோ?" என்று கத்தினேன். மீக்குச் சண்டை பிடித்த கிழவர்கள்கூட வாயை மூடிவிட்டார்கள். யோகன் அக்கரையில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டான். நான் தனியே திரும்பி வந்தேன்.

அன்று பின்னேரம் முழுவதும் ஜோர்ஜ் டவுன் தெருக்களில் நடந்தேன். நடந்தேன் என்பதைவிட, அறைக்குப் போகப் பிடிக்காமல் சுற்றினேன் என்பதுதான் சரி. இங்கே காரை பெயர்ந்த பழைய சுவர்களை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் பெயர்ந்த சுவருக்கு வேறு காரணம் உண்டு, அதற்கு முன்னால் ஒருவரும் சிரித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரு ஒழுங்கைக்குள் செண்டோல் வாங்கிக் குடித்தேன். கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஐஸும். நல்ல ருசி. ருசியாக இருந்தது இன்னும் கவலையைத் தந்தது.

ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்து கிற்றார் சத்தம் வந்தது. வாசலில் நின்ற இளம்பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "மேலே வாருங்கள். இங்கே ஒருவருக்கும் ஒருவரையும் தெரியாது, பரவாயில்லை." பர்மாவில் இருந்து தப்பி வந்த பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சி. பத்துப் பதினைந்து பேர் தரையில் இருந்தார்கள். பாடுகிறவர்கள் பாட முதல் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். இடைவேளையில் என்னையும் கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள். நல்லாகப் பாடுகிற ஒரு பெடியனைக் கேட்டேன், பகலில் என்ன செய்கிறாய் என்று. கட்டட வேலை, சீமெந்து சுமக்கிறேன் என்றான். பாடுகிறவன் என்று அங்கே யாருக்கும் தெரியுமா என்றேன். அவன் சிரித்துவிட்டு, தெரிந்தால் இன்னும் ஒரு மூட்டை தூக்கச் சொல்வார்கள் என்றான். எனக்கு யோகனைத் திட்டியது நெஞ்சில் குத்தியது.

விடிந்ததும் புஷ்பா ஃபோன் எடுத்தார். "அக்கா, குமாரு மூஞ்சியே சரியில்ல. மீன் கறிக்குப் பதிலா சாம்பாருல மீன போட்டுட்டாரு லா! சமயல் எல்லாம் முடிஞ்சி கட சாத்துனப்புறம் வாங்க. உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம்."

நான் போனபோது யோகன் கடை வாசலில் நின்றான். நேற்றைய கதையை இருவரும் எடுக்கவில்லை.

"அக்கா, நேற்று நான் சொன்னது முழு உண்மை இல்லை" என்றான். "எனக்கு ஒரு பயம் இருக்கு. அறையிலை தனிய நிண்டு எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தனான். கொஞ்சம் வரும், பிறகு நிண்டுபோகும். மறந்துபோனன் எண்டு நினைச்சுத்தான் ஃபோனை எடுக்கேல்லை. மறந்துபோச்சு எண்டு மாஸ்டருக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"பிறகு?"

"இண்டைக்கு விடியக்காலமை புஷ்பாக்கா சட்டியளை அடுக்கினவ. தடார் புடார் எண்டு. அப்ப நான் மீனோடை நிக்கிறன். தன்ரை பாட்டிலை வருது அக்கா, அடுத்த வரி, அதுக்கு அடுத்த வரி." சட்டிகள் பக்கம் கையைக் காட்டினான். "நீங்கள் எல்லாரும் பின்னாலை கட்டுற சத்தத்திலைதானே நான் எப்பவும் பேசினனான். சத்தம் இல்லாட்டி வராது. நீங்கள் உள்ளை நிண்டு கட்டுங்கோ. நான் முன்னாலை நிண்டு பேசிப்பாக்கிறன்."

"ஃபோனை முன்னாலை வைச்சுப் பதியட்டோ?"

"வேண்டாம். பதிஞ்சா பிறகு அதுதான் நடிக்கும், நானில்லை."

ஃபோனைப் புஷ்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து மோட்டார் கடைக்காரத் தம்பியும், தேத்தண்ணி போடுகிற சீனப் பெரியவரும் வந்து நின்றார்கள். நான் பின்னால் சமையல் பக்கம் போனேன். இடையில் ஒரு தகரத் தட்டி. புஷ்பாவின் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மூடிகளைக் கவிழ்த்து, மேசைத் துணியை விரித்துக் கட்டத் தொடங்கினேன்.

முன்னால் அவன் குரல் எழும்பியது. என் கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, எது முதலில், எது கடைசி என்று. அவன் ஏதோ அழைக்கிறான், யாரையோ படகில் ஏறச் சொல்கிறான். நன்றாகக் கேட்கவேண்டும் என்று கையை நிறுத்தினேன். அவனும் நின்றுவிட்டான். மறுபடி சட்டியை எடுத்தேன், அவன் தொடங்கினான். இன்னொரு தரம் ஆசை தாங்காமல் நிறுத்தினேன். தட்டிக்கு அப்பால் இருந்து சத்தம் போட்டான்:

"அக்கா, நிப்பாட்டாதேங்கோ!"

நிறுத்தவில்லை. கட்டியதை அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். கரண்டிகளைக் கொட்டினேன், அள்ளினேன். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கக் கை ஒழியவில்லை. அவன் குரல் ஏறி, இறங்கி, மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. நான் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்கதவால் வெளியேறி, ஒழுங்கையில் வேகமாக நடந்தேன்.

பாதி ஒழுங்கை போன பிறகுதான் நின்றேன். சைக்கிள் இல்லை. பின்னால் ஒருவரும் வரவில்லை. ஓடவேண்டிய தேவையும் இல்லை. பின்னேர வெயிலில் யாரோ ஒருத்தியின் சோத்துச்சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் நிற்கிறேன். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் எங்கேயும் நின்றதில்லை.

"அக்கா! என் சட்டியெல்லாம் தூக்கிட்டு எங்க போறீங்க?" புஷ்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். அழுத கண். ஒழுங்கையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரையும் அக்கரையில எறக்கி விட்டுடுறாரு லா. அப்புறம் வெறும் படகோட திரும்பிப் போறாரு. அங்க ஒருத்தரும் இல்லன்னு தெரியும். இருந்தாலும் போறாரு. எங்க அப்பா நெனப்பு வந்திருச்சு எனக்கு. அந்த அப்பேக்குக்கு ஒரு சொல்லு புரியாது, ஆனா கேத்தல கீழ கூட வைக்காம நின்னாரு தெரியுமா!" அப்பேக் என்று அவர் சொன்னது தேத்தண்ணி போடுகிற சீனப் பெரியவரை.

கடையில் யோகன் சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தான்.

"முழுக்க வந்ததே?"

"முழுக்க வந்தது."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. சட்டிச் சத்தம்தான் கேட்டது."

அவன் சிரித்தான். இந்தப் பயணத்தில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பழைய சிரிப்புத்தான்.

ஃபோனை வாங்கி, அங்கேயே நின்று மாஸ்டரை எடுத்தேன். "கிடைச்சுதே?" என்றார். கிடைக்கவில்லை, கிடைக்காது, யோகனைத் தவிர வேறு ஒருவரும் அதைப் பேச முடியாது என்றேன். மாஸ்டர் கொதித்தார். ஆளில்லாமல் எப்படி மேடையேற்றுவது, இதற்கா உன்னை இவ்வளவு தூரம் அனுப்பினோம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னேன்: "அவன் இஞ்சை நிண்டு ஃபோனிலை பேசட்டும். மண்டபத்திலை ஒலிபெருக்கியிலை போடுவம். நாங்கள் பின்னாலை நிண்டு கட்டவேணும், அந்தச் சத்தம் அவனுக்குக் கேக்கவேணும். கேக்காட்டி வராது."

மாஸ்டர் "கட்டுறது நாங்கள் எப்பவும் செய்யிறதுதானே" என்றார். "ஃபோனை அவனிட்டைக் குடு."

என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. புஷ்பாவின் சட்டிகளை அவிழ்த்து அடுக்கிக்கொடுத்தேன். இவ்வளவு இறுக்கமாக யாராவது முடிச்சுப் போடுவார்களா என்று அவர் ஏசினார். போகும்போது மீன் கறியும் சோறும் தப்பாவ், அதாவது கட்டிக்கொண்டு போக, பொட்டலமாகத் தந்தார்.

யோகன் வழியனுப்ப வரவில்லை. நாங்கள் விடைபெற்றுப் பழகிய ஆட்கள் இல்லை. விமான நிலையத்தில் ஒரு குடும்பம் தங்கள் பாட்டியைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தது. நான் அவர்களுக்கு எதிரே இருந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும் நேரம் ஃபோன் அடித்தது.

"அக்கா, ஏறியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"மாஸ்டர் திருப்பி எடுத்தவர். ஞாயிறு பின்னேரம் ஒத்திகையாம். நான் லைனிலை நிக்கிறன்."

"நல்லது."

"நல்லதோ? ஒத்திகைக்கு ஆர் ஆர் நேரத்துக்கு வாறவை எண்டு மாஸ்டரைக் கேட்டனான். ஒருத்தரும் இல்லையாம்! நீங்களும் பிந்தித்தான் வாறியளாம். இது சரிவராது, சொல்லிப்போட்டன். புஷ்பாக்காட்டை லீவு கேட்டு நான் இஞ்சை நிப்பன், நீங்கள் அங்கை ஆடி அசைஞ்சு வாறதோ? எல்லாருக்கும் நல்ல ஏச்சு விழும். வயசுக்கு மூத்தவ எண்டு உங்களையும் விடமாட்டன்."

என்னை ஏச ஒரு ஆள் இருந்து எத்தனையோ காலம். பொட்டலத் தாளை மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன்.

"என்னக்கா, சத்தத்தைக் காணேல்லை?"

"சொல்லு, சொல்லு" என்றேன். "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."